கீரைக்கும் நிதி ஒதுக்குங்கள்



ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெற்றோரிடம் நாம் அடிக்கடி சொல்வதுண்டு. ஐந்து வயதுக்குள் வளராத உடலை ஏழு வயதில் பள்ளி வளர்த்துவிடுமா என்பதையும் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில் வாழும் சிறார்களைப் பற்றி யுனிசெப் 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். 15 விழுக்காட்டினர் எடை குறைந்திருந்தனர். விலையேற்றத்தால் பிள்ளைகளுக்குச் சத்தான உணவு சமைக்க இயலவில்லை என்று 97 விழுக்காட்டுக் குடும்பங்கள் கூறின.

'பெற்றோருக்குப் பொறுப்பில்லை' என்று ஆசிரியர் அறையில் பேசுவது எளிது. தோட்டப்புறத்தில் லயத்து வீட்டின் பின்னால் முருங்கையும் கீரையும் இருந்தன. பதினைந்தாவது மாடியில் அவற்றை எங்கே நடுவது?

பள்ளியில் வழங்கப்படும் ஆர்.எம்.தி. உணவு பாராட்டுக்குரியது. ஆயினும் அது பிள்ளை பள்ளிக்கு வந்த பிறகே கிடைக்கிறது. வீட்டிலிருக்கும் தம்பி தங்கையரை எட்டுவதில்லை. ஆகவே, உதவி குடியிருப்புக்கே செல்ல வேண்டும்.

அரசு உதவாமல் இல்லை. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 'சாரா' உதவியாக 100 ரிங்கிட் வழங்கப்பட்டது. அதனை மைகார்டு வழியாகப் பதிவுபெற்ற கடைகளில் மட்டுமே செலவிட முடிந்தது. அரிசி, முட்டையோடு பிஸ்கட்டும் உடனடி மீயும் வாங்கலாம். இரவுச் சந்தையில் கீரை விற்பவரிடம் மைகார்டை நீட்ட முடியாது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2009இல் தொடங்கிய திட்டம் ஒன்று நமக்கு வழிகாட்டும். அரசின் உணவு உதவிப் பணத்தைக் கொண்டு உழவர் சந்தையில் பொருள் வாங்குவோருக்கு, ஒரு வரம்புக்குள், அதே அளவு தொகை காய்கனி வாங்குவதற்கென்றே கூடுதலாக வழங்கப்பட்டது. ஏழைக்குக் காய்கனி, உழவருக்கு வியாபாரம்.

இங்கும் அது இயலும். சந்தை வியாபாரிகளையும் உதவித் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் காய்கறிக் கடை நடத்த முன்வருவோருக்கு வாடகை, குளிர்பெட்டி, போக்குவரத்து ஆகிய செலவுகளுக்குக் குறைந்தது மூன்றாண்டுகள் நிதி தேவை. திறப்பு விழாவோடு முடிந்துபோகும் மானியத்தால் எவர் தட்டிலும் கீரை வராது.

நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இக்கோரிக்கையைத் தத்தம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் முன்வைக்க வேண்டும். கணினிக்கும் கட்டடத்துக்கும் நிதி கேட்கத் தயங்காத நாம், கீரைக்குக் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்?