குருதியின் மதகுகள்

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. பாசனத்திற்குரிய நீர் கொள்ளிடத்தில் வீணாயிற்று.

நம் குருதியிலும் ஓர் ஓட்டம் உண்டு. நிரப்புப் புரதங்கள் என்னும் முப்பதுக்கும் மேற்பட்டவை அங்கு அமைதியாய் உலவுகின்றன. நோய்க்கிருமி நுழைந்ததும் ஒன்று மற்றொன்றை எழுப்பி, கிருமியின்மீது ஒட்டி, வெள்ளணுக்களை அழைத்து, அதன் மேலுறையைத் துளைக்கின்றன. எதிர்ப்பொருளுக்குத் துணைநிற்கும் இவ்வாற்றலை ஆராய்ந்த ஜூல் போர்டே, 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

அவை நம்மையே தாக்காதபடி, நம் உயிரணுக்களின்மீது இறைவன் தடுப்புப் புரதங்களை மதகுகளாய் அமைத்துள்ளார். அம்மதகு பழுதானால், காக்கும் படையே செவ்வணுக்களைச் சிதைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பிள்ளைகளைக் காக்க எழும் நம் சினத்திற்கும் மதகு வேண்டுமன்றோ? இன்றிரவு குடும்பச் செபமாலைக்கு முன் நம்மையே வினவுவோம்.