அக்கி: பொறுமையும் வேண்டும், மருந்தும் வேண்டும்

விலாவிலோ முதுகிலோ கொப்புளங்கள் பட்டையாகக் கிளம்பி நெருப்பாய் எரிந்தால், திருச்சியிலும் காவிரிக்கு அக்கரையிலுள்ள திருவரங்கத்திலும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "இது அக்கி. மண்பாண்டம் செய்பவரிடம் போய் எழுதிக்கொண்டு வா." செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மீது எழுதும் இவ்வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. நம் வீடுகளும் இதற்கு விலக்கல்ல.

எழுதுபவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. குளிர்ந்த காவி எரிச்சலைச் சற்றே தணிக்கலாம். மருந்தே இல்லாவிட்டாலும் கொப்புளங்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஆறிவிடும். அப்பெருமை காவிக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் நோயின் வேர் தோலில் இல்லை. என்றோ வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போதோ விழித்தெழுகிறது. ஒரு நரம்பின் வழியே வருவதால்தான் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகத் தோன்றுகிறது. தோலில் பூசும் காவி அந்த நரம்பை எட்டாது.

எட்டக்கூடிய மருந்து உண்டு. அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் நாளொன்றுக்கு ஐந்து வேளை, ஏழு நாட்கள் என்பது வழக்கமான அளவு; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் அதைக் குறைப்பார். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் அதன் முழுப்பயன் கிட்டும். காவி எழுதிக் காத்திருக்கும் நாட்களில் நாம் இழப்பது இந்த மூன்று நாட்களையே. நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால், பார்வையே பறிபோகக்கூடும். அன்றே கண் மருத்துவரை நாட வேண்டும். கொப்புளங்கள் காயும்வரை அவற்றை மூடிவைத்து, சின்னம்மை வராத கர்ப்பிணிகளிடமிருந்தும் பச்சிளங்குழந்தைகளிடமிருந்தும் விலகியிருப்பது கடமை.

கொப்புளம் ஆறியபின்னும் சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கிறது. முதியவர்களுக்கே இது மிகுதி. சட்டை உரசினாலும் மின்சாரம் பாய்வதுபோல் துடிப்பார்கள். "புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன முனகல்? சபூர் செய்யுங்கள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காயமுற்ற நரம்பின் வலி அது, பொய்யன்று. சாதாரண வலி மாத்திரைகள் அதற்குப் போதா. கபாபென்டின், பிரீகபாலின், அமிட்ரிப்டிலின் முதலிய மருந்துகளை மருத்துவர் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்தென்று அறிந்து அஞ்சிப் பாதியில் நிறுத்தலாகாது.

பொறுமைக்கு முன்மாதிரியான அய்யூப் (அலை) அவர்களும் தம் துன்பத்தை இறைவனிடம் எடுத்துரைத்தார்கள். வலியைச் சொல்வது பொறுமைக் குறைவன்று. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். நோயாளி ரமலான் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கவும் மார்க்கம் இடமளித்திருக்க, நோன்புக்காக வேளை மருந்தைத் தவிர்ப்பது தேவையற்ற சுமை.

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான இருதவணைத் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. ஆயினும் அதன் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாதது. அரசு அதை முதியவர்களுக்கு இலவசமாக வழங்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதுவரை நம் கைக்கு எட்டுவது அந்த 72 மணி நேரம். திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. திருவரங்கத்திலும் அரசு மருத்துவமனை உண்டு. கொப்புளம் கண்ட அன்றே பெரியவர்களை அங்கே அழைத்துச் செல்வோம். துஆவும் செய்வோம், மருந்தையும் வேளை தவறாமல் எடுத்துக்கொடுப்போம்.