பின்பக்கத்தையும் பார்த்து வாங்குவோம்



நம்மில் இரும்புக்கடை, பெயிண்ட் கடை, கண்ணாடிக் கடை, பிளைவுட் கடை நடத்துவோர் அனைவரும் அன்றாடம் விற்கும் பொருள்களில் ஒன்று சிலிக்கான் டியூப். கண்ணாடி மாட்டுபவருக்கும், அலுமினிய ஜன்னல் செய்பவருக்கும், குழாய் வேலை பார்ப்பவருக்கும் இது இல்லாமல் வேலை ஓடாது. நாம் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குகிறோம். ஒன்றும் இரண்டுமாக விற்கிறோம். ஒரு டியூப்பில் நமக்கு நிற்கும் லாபம் சொற்பம். அந்தச் சொற்ப லாபத்தையும் தின்றுவிடக் கூடிய ஒரு சிறு பாகத்தைப் பற்றி இந்த இதழில் எழுத விரும்புகிறோம். டியூப்பின் பின்பக்கத்தில் வெள்ளையாகத் தெரியுமே ஒரு பிளாஸ்டிக் வில்லை, அதுதான் அந்தப் பாகம். தயாரிப்பாளர்கள் அதைப் பிஸ்டன் என்கிறார்கள்.

ஒரு கோடையில் எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். வழக்கமாக வரும் கண்ணாடி பிட்டர் ஒருவர், துப்பாக்கி முழுவதும் வெள்ளைப் பசை அப்பிய நிலையில் வந்து நின்றார். "அண்ணாச்சி, நான் முன்னால அமுக்குறேன், இது பின்னால வருது" என்றார். வேறு டியூப் கொடுத்து அனுப்பினோம். அடுத்த இரண்டு நாளில் அதே பெட்டியில் வாங்கிய இன்னும் இருவர் அதே புகாரோடு வந்தார்கள். சப்ளை செய்தவரிடம் கேட்டோம். "அமுக்கத் தெரியாமல் அமுக்கியிருப்பார்கள், டியூப்பில் குறையில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாற்றிக் கொடுத்த டியூப்களின் விலை எங்கள் கணக்கில் ஏறியது. விலையாவது போகட்டும், பல ஆண்டு வாடிக்கையாளரின் முகம் அன்று மாறியதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆத்திரத்தில் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு டியூப்பையும், புகாரே வராத வேறொரு கம்பெனி டியூப்பையும் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். பிளாஸ்டிக் அச்சு செய்யும் நண்பர் ஒருவர் உடனிருந்து விளக்கினார். அன்று நாங்கள் தெரிந்துகொண்டதை இத்தனை காலம் தெரியாமல் வியாபாரம் செய்தோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

நம் வீட்டு முறுக்கு நாழியை நினைத்துப் பாருங்கள். அமுக்கும் கட்டை குழலுக்குச் சரியாக இல்லாமல் தொளதொளவென்று இருந்தால், மாவு அச்சு வழியாக இறங்காது; கட்டையைச் சுற்றி மேலே ஏறி வரும். சிலிக்கான் டியூப்பிலும் இதே கதைதான். அப்படியானால் இறுக்கமாகச் செய்துவிடலாமே என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. அதிக இறுக்கமான பிஸ்டன் நகராது. தொழிலாளியின் கை வலிக்கும். சரம் விட்டு விட்டு விழும். இறுக்கமாகவும் இருக்க வேண்டும், வழுக்கிக்கொண்டும் போக வேண்டும். கெட்டியான ஒரு வில்லையால் இந்த இரண்டையும் செய்ய முடியாது. ஆகவேதான் வளைந்து கொடுக்கும் பிஸ்டன் தேவைப்படுகிறது.

டியூப்பின் உட்புறம் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு என்று நாம் நினைக்கிறோம். அச்சில் வார்க்கப்படும் டியூப்பில் உள் அச்சை உருவி எடுப்பதற்காகவே ஒரு சிறு சரிவு வைத்திருப்பார்கள். பின்பக்கம் இம்மி அகலமாகவும், மூக்குப் பக்கம் இம்மி குறுகலாகவும் இருக்கும். அதோடு அமுக்கும்போது டியூப்பின் சுவரும் வெளியே உப்பும். எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால் வியப்பாக இருக்கும். டியூப்பின் உள்விட்டம் சுமார் 46 மில்லிமீட்டர் என்றால், பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 16.6 சதுர சென்டிமீட்டர். கையின் விசையை 12 மடங்காக்கும் துப்பாக்கியில் 10 கிலோ விசையோடு அமுக்கினால், உராய்வை விட்டுக் கணக்கிட, பிஸ்டன் மேல் 120 கிலோ விசை விழும். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவுக்கு மேல்! கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 கிலோதான். இவ்வளவு அழுத்தத்தில் சுவர் உப்பும்போது, பிஸ்டனின் ஓரமும் கூடவே விரிந்து சுவரைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும்.

இதற்கான வழி நம் சைக்கிள் பம்பிலேயே இருக்கிறது. பம்பின் உள்ளே கிண்ணம் போன்ற தோல் வாஷர் இருக்கும். அமுக்கும்போது காற்றே அந்தத் தோலின் ஓரத்தை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். நல்ல பிஸ்டனும் அப்படித்தான். முன்பக்கம் மெல்லிய உதடு ஒன்று பசையை நோக்கி விரிந்திருக்கும். அழுத்தம் கூடக் கூட உதடு சுவரை இன்னும் இறுகப் பிடிக்கும். அழுத்தம் குறைந்தால் பிடியும் தளரும். கசிய வைக்க வேண்டிய அழுத்தமே கசிவை அடைக்கிறது!

பின்பக்கமும் ஓர் உதடு வேண்டும். இரண்டு உதட்டுக்கும் இடையே போதிய தூரம் வேண்டும். ஏன்? அகலமான மேசை இழுப்பறையை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நின்றுவிடும் அல்லவா? உயரம் குறைந்த வில்லையும் அப்படியே கோணிக்கொள்ளும். ஒரு பக்கம் இடைவெளி திறக்கும். பசை அந்த வழியாகப் பின்னால் பாயும். பிஸ்டனின் அடித்தளம் மிக மெல்லியதாக இருந்தால் துப்பாக்கியின் தட்டு அதன் நடுவை அமுக்கிக் குழியாக்கும், ஓரங்கள் உள்ளே இழுபடும், அப்போதும் கசியும். எங்கள் பெட்டியில் இருந்தது ஒற்றை விளிம்புள்ள, உயரம் குறைந்த, மெல்லிய வில்லை. புகார் வராத டியூப்பில் இருந்தது இரண்டு உதடுள்ள கிண்ணம். வித்தியாசம் சில கிராம் பிளாஸ்டிக், காசுக் கணக்கில் வரும் செலவு.

முகப்பின் வடிவமும் முக்கியம். டியூப்பின் மூக்குப் பக்கம் எந்த வடிவமோ அதே வடிவம் பிஸ்டனின் முகத்துக்கும் இருந்தால், கடைசிச் சொட்டுவரை வெளியே வரும். இல்லையேல் உள்ளே தங்கிவிடும். மேலே சொன்ன விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தங்கினால் சுமார் 1.7 மில்லி நட்டம். ஐந்து மில்லிமீட்டர் என்றால் 8 மில்லிக்கு மேல். வாடிக்கையாளர் முழு அளவுக்குக் காசு கொடுத்து, அதில் ஒரு பங்கைக் குப்பையில் போடுகிறார்.

இனி நம் கிடங்கைப் பார்ப்போம். சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் பொருள். பிஸ்டனின் ஓரம் வழியாக ஈரம் நுழைந்தால் அங்கேயே தோல்போல இறுகிப் பிஸ்டனைச் சுவரோடு ஒட்டிவிடும். மேலும், இறுக்கி வைத்த பிளாஸ்டிக் நாளடைவில் தன் விறைப்பை இழக்கும். பாவாடை எலாஸ்டிக் தளர்வதைப் போல. வெப்பம் கூடினால் இது விரைவாக நடக்கும். நாமோ, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் பெட்டிகளை அடுக்கி வைக்கிறோம். தள்ளுபடி கிடைக்கிறது என்று ஆறு மாதச் சரக்கை ஒரே நாளில் இறக்குகிறோம். புதிய பெட்டியை முன்னால் வைத்துப் பழையதைப் பின்னால் தள்ளுகிறோம். குற்றம் முழுவதையும் தயாரிப்பாளர் தலையில் கட்டிவிட்டு நாம் கை கழுவ முடியாது. ஆனால் நம் ஊர் வெயிலும் கிடங்கும் தயாரிப்பாளருக்குத் தெரியாதவையா? தொழிற்சாலையில் அன்று அடைத்த டியூப்பை மட்டும் சோதித்தால் போதாது. சூட்டில் பல மாதம் கிடந்த டியூப்பையும் அமுக்கிப் பார்த்த பிறகே பிஸ்டனின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது நமது கோரிக்கை.

"விற்பது நம் வேலை, வடிவமைப்பது எஞ்சினியர் வேலை. நமக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது பதில் இரண்டு.

முதலாவது, சட்டம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதற்கு அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாத பொருளை விற்றவரையும், பொருளைப் பார்த்துப் பராமரிப்பதில் போதிய கவனம் எடுக்காத விற்பனையாளரையும் அது பொறுப்பாளியாக்குகிறது. இரட்டைக் குழல் எபாக்ஸி டியூப்களை விற்போர் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அதில் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றாக நகர்ந்தால்தான் பிசினும் இறுகுபொருளும் சரியான விகிதத்தில் கலக்கும். ஒன்று கசிந்தால் கலவை கெடும். வெளியில் பார்த்தால் தெரியாது. சுவரில் பதித்த போல்ட் பிடிக்காமல் போனால், அது ஒரு டியூப்பின் விலையோடு முடிகிற விஷயமாக இருக்காது.

இரண்டாவது, கசிந்த டியூப் திரும்பி வருவது எஞ்சினியரின் மேசைக்கு அல்ல, நம் கல்லாவுக்கு. எந்த டியூப், எந்த மாதத்தில், எந்தத் துப்பாக்கியில், எந்த இடத்தில் கசிந்தது என்பதை அறிந்தவர்கள் நாமும் நம் வாடிக்கையாளர்களுமே. அதைத் தூக்கிக் குப்பையில் எறியும்போது, அந்த எஞ்சினியருக்குப் போக வேண்டிய கடிதத்தைக் கிழித்து எறிகிறோம்.

ஆகவே உறுப்பினர்கள் பின்வருவனவற்றை நடைமுறைப்படுத்த வேண்டுகிறோம். சரக்கு வந்ததும் பெட்டிக்கு ஒரு டியூப்பை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். பிஸ்டன் கோணலாக இருக்கிறதா, ஓரத்தில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், தொகுதி எண் இல்லாத டியூப்பை என்ன தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள். பழைய சரக்கை முதலில் விற்றுத் தீருங்கள். வேலை நிறுத்தும்போது துப்பாக்கியின் விசையைத் தளர்த்தும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். அழுத்தம் உள்ளேயே நின்றால் பசை ஒழுகிக்கொண்டே இருக்கும். புதிய கம்பெனி ஆர்டர் கேட்டு வந்தால், விலை பேசும் முன்பே பழுதானவற்றை மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். மாதிரி டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி அறுத்தும் பாருங்கள். ஒற்றை விளிம்பா, இரட்டை உதடா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு யோசனை. திரும்பி வரும் டியூப்களை உறுப்பினர்கள் எறியாமல், தொகுதி எண்ணும் விற்ற தேதியும் எழுதிய சீட்டோடு சங்க அலுவலகத்தில் சேர்க்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவற்றைக் கம்பெனி வாரியாகப் பிரித்து, அந்தந்தத் தயாரிப்பாளருக்குச் சங்கத்தின் பெயரால் அனுப்புவோம். தனிக் கடைக்காரர் சொன்னால் "அமுக்கத் தெரியவில்லை" என்பார்கள். ஒரே தொகுதியில் இருபது டியூப் போய்ச் சேர்ந்தால் அப்படிச் சொல்ல நா எழாது. இது சண்டைக்கு அல்ல. அவர்கள் பொருள் தேறினால் நம் வியாபாரமும் தேறும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். டியூப்புக்கு அச்சாணி அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்க லேபிளின் அழகையும் தள்ளுபடியையும் மட்டும் பார்த்து வாங்கும் வழக்கத்தை விடுவோம். அடுத்த பெட்டியைத் திறக்கும்போது, ஒரு டியூப்பைத் திருப்பிப் பார்ப்போம்.