மொசாம்பிக் துவரையும் நம்ம மானாவாரித் துவரையும்

"ஆப்பிரிக்காக்காரன் துவரையை இறக்கிட்டான், நமக்கு விலை போச்சு" என்ற பேச்சு பெரம்பலூர், அரியலூர் பக்கம் அறுவடைக் காலத்தில் தவறாமல் கேட்கும். விலை போவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் ஆப்பிரிக்க விவசாயிதானா என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வங்கியில் வேலை பார்த்த பழக்கம், கணக்கு டேலி ஆகாமல் யாரையும் குற்றம் சொல்ல வராது.

2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அடுத்த ஆண்டே மத்திய அரசு மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போட்டது. முதல் ஆண்டு 1 லட்சம் டன் பருப்பு வகைகள், படிப்படியாக ஏறி 2020-21-ல் 2 லட்சம் டன் வாங்குவதாகப் பேச்சு. துவரை அங்கே பெரிதாகச் சாப்பிடும் பண்டம் இல்லை. நம்மை நம்பித்தான் விதைத்தார்கள். அவர்களும் நம்மைப் போல மானாவாரிக்காரர்கள், துண்டு நிலக்காரர்கள்.

அதே ஆண்டு இங்கேயும் விலையைப் பார்த்து எல்லோரும் துவரை போட்டார்கள். நாடு முழுக்க அமோக விளைச்சல். ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5050 ரூபாய் என்று அறிவித்திருந்தும், பல மண்டிகளில் அதற்குக் கீழேதான் போனது. உடனே 2017 ஆகஸ்டில், இறக்குமதி ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் கூடாது என்று உத்தரவு வந்தது. அது மொசாம்பிக்கில் அறுவடை நேரம். ஒப்பந்த அளவுக்கு விலக்கு இருந்தும் சந்தை மிரண்டது. அங்கே விலை படுத்துவிட்டது. இங்கே நம்மாளு அழுதான், அங்கே அவன் அழுதான்.

2021-ல் குழாயை மறுபடி திறந்தார்கள். மே மாதம் இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கியது. மொசாம்பிக்கோடு ஆண்டுக்கு 2 லட்சம் டன், மலாவியோடு 50 ஆயிரம் டன் என்று 5 ஆண்டு ஒப்பந்தங்கள். மலாவிக்குக் கடலே கிடையாது. அவர்கள் சரக்கு பக்கத்து நாட்டுத் துறைமுகம் வழியாகத்தான் கப்பல் ஏற வேண்டும். இங்கே ஒரு உத்தரவு மாறினால் அங்கே ஒரு சம்சாரியின் வருஷமே மாறிப்போகும்.

உதவி என்று நாம் கொடுப்பதையும் பார்ப்போம். எக்ஸிம் வங்கி வழியாக இந்த நாடுகளுக்குக் கடன் போகிறது. மலாவிக்கு நீர்ப்பாசனத்துக்கு, மொசாம்பிக்குக்குக் கிராம மின்வசதிக்கு என்று போயிருக்கிறது. வட்டி குறைவு, தவணை நீளம். ஆனால் பொது விதிப்படி 75 சதவீதப் பொருளும் சேவையும் இந்தியாவில்தான் வாங்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனில் ஒரு பங்கை உர மூட்டையாகக் கொடுப்பார்களே, இயற்கை விவசாயிக்கும் யூரியாவைத் தலையில் கட்டுவார்களே, அந்த ரகம்தான். கடன் கொடுப்பது தப்பில்லை. கடன் வாங்கியவன் திருப்பிக் கட்ட வேண்டுமானால் அவன் விளைச்சலுக்கு நிலையான விலை வேண்டும். ஒரு கையில் கடன் கொடுத்து, மறு கையில் சந்தையை மூடினால் அது என்ன உதவி?

இறக்குமதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாட்டின் துவரைத் தேவை சுமார் 45 லட்சம் டன், விளைவது 35 லட்சம் டன் அளவில்தான். மிச்சத்தை எங்கிருந்தாவது வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு வரும், எந்த மாதம் வரும் என்பதை ஆடிப்பட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நம் துவரை களத்துக்கு வரும் தை, மாசியில் கப்பல் வந்து நிற்கக் கூடாது. சொன்ன அளவை நடுவில் மாற்றவும் கூடாது. இது நமக்கும் நியாயம், அவர்களுக்கும் நியாயம்.

2025 பட்ஜெட்டில் பருப்புத் தன்னிறைவுக்கு 6 ஆண்டுத் திட்டம் அறிவித்தார்கள். பதிவு செய்த விவசாயி கொண்டுவரும் துவரை முழுவதையும் 4 ஆண்டுகளுக்கு நாஃபெட்டும் என்சிசிஎஃப்பும் வாங்கும் என்றார்கள். 2025-26 ஆதரவு விலை 8000 ரூபாய். இந்தக் கொள்முதல் நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வரை வந்து சேர வேண்டும். ரேஷனில் 30 ரூபாய்க்குப் போடும் பருப்பில் ஒரு பங்காவது நம் மாவட்டங்களில் வாங்கியதாக இருக்கட்டும். இதைக் குறைதீர் நாள் கூட்டத்தில் மனுவாகவே கொடுக்கலாம்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் வந்த பிறகு வரப்புத் துவரை குறைந்துபோனது. நாமக்கல் கோழிக்கு விளைவிக்கிறோம், சொந்தச் சாம்பாருக்குப் பருப்பைக் கடையில் வாங்குகிறோம். கடலையில் ஊடுபயிராக நாலு சால் துவரை போடுங்கள். வேர் தழைச்சத்தைச் சேர்க்கும், உதிரும் இலை மண்ணுக்கு எரு. செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்தால் பருப்பாகவே விற்கலாம். குருணையும் பொட்டும் மாட்டுக்கு ஆகும்.

கடல் தாண்டி இருப்பவனும் நம்மைப் போல வானம் பார்த்து விதைப்பவன்தான். அவன் மேல் கோபப்பட்டு நமக்கு ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வியை டெல்லியிடம் கேட்போம்.