மார்க்கைத் தவிர வேறு பேச்சே இல்லையா?

குன்றத்தூரில் பிள்ளை வளர்க்கும் அப்பா அம்மாக்களே, உங்களோடு கொஞ்சம் சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

உங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸாப் குழுவைத் திறந்து பாருங்கள். காலையில் ஒருவர் போளூரில் விடியவிடிய மழை என்கிறார். இன்னொருவர் ஒரகடத்தில் ஒரு பொட்டுத் தூறல்கூட இல்லை என்று பொருமுகிறார். பத்து மணிக்கு யாரோ பழைய குரூப் போட்டோ ஒன்றைப் போட, கணக்கு வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டது யார் என்ற விசாரணை சாயங்காலம் வரை நீள்கிறது. ராத்திரியானால் ஒளியும் ஒலியும், சக்திமான், இளையராஜா. எத்தனை சிரிப்பு, எத்தனை உற்சாகம்! அதே ஆள் போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் பேசுவது என்ன? "ஹோம்வொர்க் முடிச்சியா?" "யூனிட் டெஸ்ட்ல எவ்ளோ?" "டைரியில சைன் போடணுமா?" "சாப்ட்டுட்டுப் படு." முடிந்தது.

ஊருக்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கிற உங்கள் அரட்டை, வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைப்பதில்லை. இதுதான் என் புகார்.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். அதைத் தள்ளிவிட மாட்டேன். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று கம்பெனி பஸ் போகிற பக்கமெல்லாம் நம் வீட்டு ஆட்கள்தான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்த காலம் தொட்டு, இந்தப் பக்கத்து வீடுகளில் பொழுது ஷிஃப்ட் கணக்கில்தான் ஓடுகிறது. பி ஷிஃப்ட் வாரத்தில் பிள்ளை பள்ளிவிட்டு வருவதற்குள் அப்பா பஸ் ஏறிவிடுகிறார். அவர் திரும்பும்போது பிள்ளை தூங்குகிறது. சி ஷிஃப்ட் என்றால் பகலில் வீட்டில் ஒருவர் தூங்க வேண்டும், சத்தமே கூடாது. ஓவர்டைமுக்கு நிற்கச் சொன்னால் முடியாது என்று சொல்லும் நிலையில் எத்தனை பேர் இருக்கிறோம்? ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் அம்மாவை, பிள்ளையோடு ஏன் பேசவில்லை என்று அதட்ட எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெற்றுவிட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாளும் நாம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க நேரம் வேண்டாமா? சரியான கேள்வி. அப்படிக் காப்பாற்றிக்கொண்ட நேரத்தில் பெண்டாட்டி பிள்ளையோடா இருக்கிறோம்? ஒரே அறையில் ஆளுக்கொரு போனோடு இருக்கிறோம். முருகன் கோயில் 84 படி ஏறும்போதுகூட, ஏறுகிற நேரமெல்லாம் ரீல்ஸ்தான்.

தனியாக நேரம் ஒதுக்கி, பிள்ளையை எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்லவில்லை. அப்படி உட்காரவைத்தாலே பிள்ளை மிரளும், ஏதோ மாட்டிக்கொண்டோம் என்று. பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போதும், பட்டாணி உரிக்கும்போதும், கரண்ட் போன பத்து நிமிடத்திலும் பேசுங்கள் என்கிறேன். தலைப்பு தேடி அலைய வேண்டாம். மழை போதும்.

மழையைப் பற்றிப் பேச நம் ஊரைப்போல வாகான ஊர் வேறு ஏது? செம்பரம்பாக்கம் ஏரி நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. முழு ஆழம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஐப்பசி, கார்த்திகையில் பெரியவர்கள் டீக்கடையில் "இன்னிக்கு எவ்ளோ அடி?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். 22 அடியைத் தொட்டால் குரல் மாறும். ஏரி திறந்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், ஸ்ரீபெரும்புதூர் சாலையில் எந்த இடத்தில் வண்டியைத் திருப்பிவிடுவார்கள், அந்தத் தண்ணீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்ந்து அனகாபுத்தூரில் யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்பதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. 2015 டிசம்பர் 1 இரவு ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் இன்று ஆளுக்கு ஒரு சைக்கிளில் தனியாகச் சுற்றுகிறார்கள். அந்த இரவு நீங்கள் எந்த மாடியில் ஏறி நின்றீர்கள், யார் உங்களுக்குப் பால் பாக்கெட் கொடுத்தார்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? அடுத்த வெள்ளத்தில் அந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் ஓடக் கூடாது என்று தெரிந்திருந்தால், அது இந்த வெட்டிப் பேச்சு கொடுத்த அறிவாகத்தான் இருக்கும்.

சிரிப்புக்கும் மழையில் குறைவில்லை. நாம் பள்ளியில் படித்தபோது டிவியில் வானிலை ஆய்வு மையத்தின் ரமணன் முகம் தெரிந்தால், மழை லீவு வரும் என்று தெருவே கைதட்டியது. 2016இல் அவர் ஓய்வு பெற்றபோது மீம்ஸ் போட்டு வழியனுப்பியது நாம்தான். இப்போதைய பிள்ளைகளின் பாடு இன்னும் சிக்கல். நம் ஊர் காஞ்சிபுரம் மாவட்டம். இந்தப் பக்கம் பல்லாவரம் செங்கல்பட்டு, அந்தப் பக்கம் போரூர் சென்னை, பூந்தமல்லியோ திருவள்ளூர். அக்கா ஒரு மாவட்டத்துப் பள்ளியிலும் தம்பி இன்னொரு மாவட்டத்துப் பள்ளியிலும் படிக்கிற வீட்டில், மழைநாள் காலை ஆறு மணிக்கு எந்தக் கலெக்டர் லீவு விட்டார் என்று நடக்கும் கூச்சல் இருக்கிறதே, அதைவிட நல்ல நகைச்சுவைக் காட்சி எந்தப் படத்தில் வருகிறது? அக்காவுக்கு லீவு, தம்பிக்கு இல்லை. அந்த நேரத்திலும், "சும்மா கத்தாம போய் புக்கை எடு" என்று சொல்லிச் சந்தோஷத்தைக் கெடுக்கிறோம்.

அடுத்தது நம் பள்ளிக் கதைகள். பெரிய தப்பு நடப்பது இங்கேதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பிள்ளையிடம் பழசைப் பேசவே மாட்டோம் என்பதில்லை, பேசுகிறோம். எப்போது? அது மார்க் குறைவாக வாங்கி வந்த அன்று. "நாங்கல்லாம் அஞ்சு கிலோமீட்டர் நடந்து போய்ப் படிச்சோம். தெருவிளக்குல படிச்சோம். உனக்கு என்ன குறைச்சல்?" இதைக் கதை என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பிரமை. பிள்ளையின் காதில் அது திட்டாகத்தான் விழுகிறது. இன்னொரு வகை இதைவிட மோசம்: "எங்க வாத்தியார் தொலியை உரிச்சிடுவாரு, அதனாலதான் உருப்பட்டோம்." பள்ளியில் பிள்ளையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது; சட்டம் வந்தது 2009இல். நாம் இன்னும் அடியைப் பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரிகிறோம். வகுப்பில் இன்று அடி வாங்கிய பிள்ளை இதைக் கேட்டால் வாயைத் திறக்குமா?

தோற்ற கதைகளைச் சொல்லுங்கள். அரையாண்டில் ஆங்கிலத்தில் ஃபெயிலாகி, ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை நீங்களே போட்டதைச் சொல்லுங்கள். ஆண்டு விழா நாடகத்தில் வசனம் மறந்து மேடையில் நின்றது, சத்துணவில் முட்டை போடும் நாளில் மட்டும் தவறாமல் பள்ளிக்குப் போனது, யாரோடு டூ விட்டீர்கள், எப்படிப் பழம் விட்டீர்கள், இதெல்லாம் சொல்லலாம். நம்மில் பாதிப் பேர் இந்த ஊர்க்காரர்களே அல்ல. செய்யாறு, வந்தவாசி, விழுப்புரம், தர்மபுரி, இன்னும் தூரத்தில் ஒடிசா, பீகார் என்று வேலை தேடி வந்தவர்கள். நம் பிள்ளைக்கு அப்பாவின் ஊர் என்பது பொங்கலுக்குப் போய் இரண்டு நாள் நெட்வொர்க் இல்லாமல் தவிக்கிற இடம். அந்த ஊரில் நீங்கள் ஒரு காலத்தில் அரைக்கால் சட்டையோடு திரிந்தவர் என்பதற்கு, நீங்கள் வாய் திறந்து சொல்வதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. 63 நாயன்மார்களின் வாழ்க்கையைப் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. இங்கே வளர்கிற பிள்ளைக்கு, சொந்த அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் தெரியவில்லை.

வெட்டிப் பேச்சுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் கேட்க 20 கேள்விகள் வைத்திருந்தார்கள். அப்பா அம்மா எங்கே வளர்ந்தார்கள், எங்கே சந்தித்தார்கள், எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பது போன்றவைதான். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு கூடுதலாக இருந்ததையும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு உறுதியாக இருந்ததையும் பார்த்தார்கள். இதைப் படித்ததும் அந்த 20 கேள்வியையும் பிரின்ட் எடுத்துப் பிள்ளையை மனப்பாடம் செய்யவைக்கக் கிளம்பும் ஆட்கள் நம்மில் உண்டு; எனக்குத் தெரியும். வேண்டாம். விடைகளைச் சொல்லிக்கொடுப்பதால் பலன் இல்லை என்று டியூக்கே எச்சரித்திருக்கிறார். சேர்ந்து சாப்பிடும்போதும் ஊருக்குப் போகும்போதும் பேசிப்பேசித்தான் அந்தக் கதைகள் பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றன; பலன் அந்தப் பேச்சில்தான்.

பழைய பாட்டு, பழைய டிவி விஷயத்திலும் நம் வாய் சும்மா இருப்பதில்லை. "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா? இப்ப எல்லாம் வெறும் சத்தம்." நம் அப்பாவும் நம்மிடம் இதையேதான் சொன்னார். அவருக்கு இலங்கை வானொலியும் பி.எச்.அப்துல் ஹமீதும். நமக்கு 1993 தமிழ்ப் புத்தாண்டன்று வந்த சன் டிவி, அதில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்'. அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போகப் பயந்ததைச் சொன்னால், பேய் வீடியோ பார்த்துவிட்டு விளக்கை அணைக்க விடாத உங்கள் பெண் உங்களைப் புதிதாகப் பார்ப்பாள். பிறகு, அவளுக்குப் பிடித்த யூடியூப் சேனலை நீங்கள் முழுசாக ஒரு தடவை பாருங்கள். பையன் ஃப்ரீ ஃபயரில் என்னதான் செய்கிறான் என்று, நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் ஒரு நாள் கேளுங்கள். உங்கள் ரசனையை அவன் தலையில் கட்டிவிட்டு அவன் ரசனையைக் குப்பை என்றால், அதன் பெயர் அரட்டை இல்லை, அதுவும் டியூஷன்தான்.

ஊருக்குப் போன் போடுகிறீர்கள் அல்லவா, "அம்மா, அங்க மழையா?" என்று? ஸ்பீக்கரில் போடுங்கள். பிள்ளை காதில் விழட்டும். பாட்டியிடம் கொடுத்து, உங்கள் சின்ன வயசுக் கதை ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மறைத்த ரேங்க் கார்டு கதையும் வெளியே வரும், வரட்டும்.

இதையெல்லாம் ஏதோ பொழுதுபோக்குக்காக நான் வலியுறுத்துவதாக எண்ண வேண்டாம். பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று எழுதியிருக்கிறது. மாணவர்களுக்கென்று 14417 என்ற உதவி எண்ணும் உண்டு. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் பஸ்ஸில் யாரோ ஒருவர் தொட்ட விதம் சரியில்லை என்பதையோ, வகுப்பில் நால்வர் சேர்ந்து ஒதுக்கிவைப்பதையோ ஒரு பிள்ளை எடுத்த எடுப்பில் சொல்லிவிடாது. "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். உங்களைக் கிண்டல் செய்த பழைய வகுப்புத் தோழனின் கதையை நீங்கள் பாதி சொல்லும்போதுதான், "எங்க கிளாஸ்லயும் ஒருத்தன் அப்படித்தான்பா" என்று அது ஆரம்பிக்கும். அப்போது குறுக்கே பேசாதீர்கள். தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள். மழையைப் பற்றிக்கூட நம்மோடு பேசிப் பழகாத பிள்ளை, இதை நம்மிடம் எப்படிச் சொல்லும்?

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வடகிழக்குப் பருவமழையில் எந்தக் கலெக்டர் எந்த மாவட்டத்துக்கு லீவு விட்டாலும் சரி, அன்றைக்கு டியூஷன் மிஸ்ஸுக்குப் போன் போட்டுக் கூடுதல் வகுப்பு கேட்காதீர்கள். ஆன்லைன் வகுப்பு ஏன் வைக்கவில்லை என்று பள்ளியையும் விரட்டாதீர்கள். பிள்ளையை வீட்டில் விடுங்கள். உங்களுக்கு ஏ ஷிஃப்ட் என்றால் மூன்றரை மணிக்கு வந்ததும் ஒரு டீ போட்டுக்கொண்டு, புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், பக்கத்தில் போய் உட்காருங்கள்.