சாப்பாட்டு அறைக்கு எது அழகு?

தஞ்சைப் பகுதியின் பழைய ஓட்டு வீடுகளில் சாப்பாட்டுக்கென்று தனி அறை பெரும்பாலும் இருக்காது. முற்றத்தை ஒட்டிய கூடத்தில் பந்திப்பாய் விரித்து இலை போடுவார்கள். காற்றும் வெளிச்சமும் நன்றாக வரும்.

ஆனால், ஒரு குறை. ஆண்களும் குழந்தைகளும் உண்ட பிறகே பெண்கள் உட்கார்ந்தார்கள்.

இப்போது புது வீடுகளில் சாப்பாட்டு அறை கட்டுகிறார்கள். மேஜை, நாற்காலி வாங்குகிறார்கள். சுவரில் தஞ்சாவூர்த் தட்டு மாட்டுகிறார்கள். பித்தளை, செம்பு, வெள்ளி மூன்றும் சேர்ந்த அந்தத் தட்டு நம் கைவினைஞர்களின் பெருமை. தாராளமாக மாட்டலாம்.

ஆனால் சமைத்த அம்மா இன்னும் அடுக்களையிலேயே நின்றால், அந்த அறைக்கு என்ன அழகு?

சோற்றையும் குழம்பையும் மேஜை நடுவே வையுங்கள். அவரவர் போட்டுக் கொள்ளட்டும். அம்மாவும் கூட உட்காரட்டும்.

அதுதான் அழகு!