தண்ணீரை சுத்தம் செய்யும் ஐ.ஐ.டி. பவுடர்: மண்ணூர்பேட்டை பட்டறைகளுக்கு வேலை வருமா?

மண்ணூர்பேட்டை:

கல்லூரி லேபில் கண்டுபிடிக்கும் பொருள் கடைக்கு வருவது அபூர்வம். பெரும்பாலும் பேப்பரிலேயே நின்றுவிடும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஒன்று தப்பித்து வந்தது.

2003-ல் பாட்டில் தண்ணீரிலும் கூல்டிரிங்சிலும் பூச்சி மருந்து இருப்பதாக டெல்லியின் சி.எஸ்.இ. அமைப்பு சொன்னதும் நாடே ஆடிப்போனது. அதே காலகட்டத்தில் ஐ.ஐ.டி. வேதியியல் பேராசிரியர் பிரதீப், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெள்ளியை பொடியாக்கினால் அது பூச்சி மருந்தை உடைத்துப் போடுகிறது என்று காட்டினார். 2007-ல் யுரேகா போர்ப்ஸ் கம்பெனி அதை பில்டரில் வைத்து விற்பனைக்கு விட்டது.

நடுவில் ஏன் இத்தனை வருஷம்? லேபில் ஒரு கிண்ணம் செய்வது வேறு, டன் கணக்கில் செய்வது வேறு. ஒவ்வொரு தடவையும் சரக்கு ஒரே மாதிரி வர வேண்டும். வெள்ளி தண்ணீரில் கரைந்து வந்து விடக்கூடாது. விலையும் கட்டுப்படி ஆகணும்.

அடுத்து, ஆர்சனிக் விஷத்தை பிடிக்கும் 'அம்ரித்'. இரும்பு சேர்ந்த பொருள், கரண்டு தேவையில்லை. மேற்கு வங்காள கிராமங்களில் ஓடுகிறது. பிரதீப் தொடங்கிய இன்னோநானோ ரிசர்ச் கம்பெனியில் 2016-ல் அமெரிக்காவின் நானோஹோல்டிங்ஸ் 1 கோடியே 80 லட்சம் டாலர் போட முன்வந்தது. 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ.

ஒன்றை சொல்லியாக வேண்டும். நம்ம ஏரியா போர் தண்ணியில் தொல்லை உப்பு. இந்த பவுடர் உப்பை எடுக்காது, அதற்கு ஆர்.ஓ. மெஷின்தான்.

அப்புறம் மண்ணூர்பேட்டைக்கு என்ன லாபம்? பவுடர் பேட்டன்ட் உள்ள சரக்கு, அதில் கை வைக்க முடியாது. ஆனால் பில்டருக்கு டேங்க் வேணும், மூடி வேணும், பைப் வேணும். மோல்டிங், லேத், வெல்டிங் எல்லாம் பக்கத்து அம்பத்தூர் எஸ்டேட்டில் 1964-ல் இருந்து நடக்கிற வேலை.

சிக்கல் தூரம்தான். கம்பெனிகளும் பேராசிரியர்களும் சேர்ந்து உட்கார 2010-ல் தரமணியில் ஆராய்ச்சி பூங்கா திறந்தார்கள். லேத்தை நிறுத்திவிட்டு அங்கே போய் ஆர்டர் கேட்க சின்ன பட்டறைக்காரருக்கு ஏது நேரம்? போனாலும் தர சான்றிதழ் கேட்பார்கள்.

புது டேங்க் ஒரு தடவை வாங்குவதோடு சரி. உள்ளே இருக்கும் கேட்ரிட்ஜ் தீரத் தீர மாற்ற வேண்டிய சரக்கு. பட்டறைக்கு வருஷம் பூரா வேலை கிடைத்தால், அது அங்கேதான் கிடைக்கும்.